மலைப்பக்கத்து ஜன்னல்கள்

ரயில் கொட்டகையில் எல்லோரும் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடி போட்ட யாரையோ தேடுவார்கள். அவளுக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. அவள் கண்ணாடி போடுகிறவள் இல்லை, துடைக்கிறவள்.

ஆற்றின் கூடவே மலைக்குள் ஏறிப்போகிற ரயில் அது. ஏதோ ஓர் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று யாரும் அதில் ஏறுவதில்லை. வேடிக்கை பார்க்கத்தான் ஏறுவார்கள். காலை ஒன்பது மணிக்கு அடிவாரத்திலிருந்து கிளம்பி, அறுபத்திரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து, மேல் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று, மாலை நான்கு மணிக்குத் திரும்பி வரும். ஆறு பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் பக்கத்துக்கு ஆறு ஜன்னல்கள். கைப்பிடி உயரத்தில் ஆரம்பித்துக் கூரை வளைகிற இடம் வரைக்கும் ஒரே கண்ணாடி. ரயில் கொட்டகைக்குள் வந்து நின்றதும் அவளும் இன்னும் மூன்று பேரும் வாளி, ஏணி, நீளக் கம்பில் ரப்பர் பட்டை மாட்டிய துடைப்பான் சகிதம் இறங்கிவிடுவார்கள். இருட்டுவதற்குள் எழுபத்திரண்டு ஜன்னலும் பளிச்சென்று ஆகிவிட வேண்டும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஏழு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் இருந்தாள். அங்கேயே அவளுடைய குணம் தெரிந்துவிட்டது. ஒரு கறையைப் பார்த்தால் அது எதனால் வந்தது, படுக்கையில் எந்தப் பக்கம் படுத்திருந்தவருக்கு வந்தது என்றெல்லாம் யோசிக்காமல் அவளால் துணியைத் தண்ணீரில் போட முடியாது. "துவைக்கச் சொன்னா ஜாதகம் கணிக்கிறா" என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பெரிய இயந்திரங்கள் வந்து ஆட்களைக் குறைத்தபோது அவள் ரயில் கொட்டகைக்கு வந்தாள். குணமும் கூடவே வந்தது.

அந்த ரயிலின் ஒரு பக்கம் எப்போதும் ஆறு, மறுபக்கம் எப்போதும் மலை. மேலே போனதும் என்ஜினை மட்டும் கழற்றி மறுமுனையில் மாட்டுவதால் பெட்டிகள் திரும்புவதில்லை. ஆற்றுப்பக்க ஜன்னல் போகும்போதும் ஆற்றுப்பக்கம்தான், வரும்போதும் ஆற்றுப்பக்கம்தான். அழுக்கெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் சேரும். பெரியவர்களின் நெற்றி, அதற்குக் கீழே குழந்தைகளின் மூக்கு, உள்ளங்கைகள், மூச்சுவிட்டு விரலால் வரைந்த கோடுகள். வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒன்று தினமும் ஒட்டியிருக்கும். அது என்னவென்று தெரியாமல் ஒரு பஞ்சில் எடுத்துக்கொண்டு போய் நாத்தனாரிடம் காட்டினாள். நாத்தனார் கூடவே இருக்கிறவள், வீட்டின் முன் அறையில் பெண்களுக்கு முடி வெட்டி, முகத்துக்குப் பூச்சு போட்டுவிடுகிறவள். அவள் மோந்து பார்த்துவிட்டு, "வெயிலுக்குப் பூசுற கிரீம், அண்ணி. மூஞ்சியில பூசினதைக் கண்ணாடிக்குக் குடுத்துட்டு வந்திருக்காங்க" என்றாள்.

நாலாவது பெட்டியில் ஒரு ஜன்னலில் மட்டும் நெற்றி அடையாளமே விழாது. இரண்டு வருடம் அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அந்த இருக்கையிலேயே போய் உட்கார்ந்து, குளிர்காற்றைப் போடச் சொன்னாள். காற்று நேராகப் பிடரியில் வந்து அடித்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடியை விட்டு விலகியே இருந்திருக்கிறார்கள். தெரிந்ததும் அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் தையல்காரர், அதிகம் பேசாதவர். "விசாரணை கமிஷன் ஒரு வழக்கை முடிச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

இத்தனை வருடத்தில் அவள் அந்த ரயிலில் ஒருமுறைகூடப் போனதில்லை. ஊழியர்களுக்கு இலவச பாஸ் உண்டு. ஆனால் அவளுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ரயிலுக்கும் அன்றைக்குத்தான் விடுமுறை.

மழை பெய்து ஏழு வாரம் ஆகியிருந்த ஒரு வியாழக்கிழமை. மலைப்பக்க ஜன்னல்களில் பொதுவாக வேலையே இருக்காது. ஒரு வாளித் தண்ணீரை வீசி, பட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் முடிந்தது. அன்று கண்ணாடியின் கீழ் ஓரத்தில், வெளிப்பக்கமாக, மிளகைத் தூவின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. காய்ந்துபோன சேற்றுத் துளிகள். செம்மண் நிறம். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஒரே உயரத்தில், கோடு போட்ட மாதிரி இருந்தன.

விரலால் தேய்த்துப் பார்த்தாள். சாலைப் புழுதி நறநறவென்று இருக்கும். இது அரைத்த மாவு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"மழையே இல்லாம சேறு எங்கிருந்து வந்துச்சு?" என்று பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கேட்டாள்.

"எங்கிருந்தோ வந்துச்சு. இருட்டுறதுக்குள்ள தொடைக்கணும்" என்றாள் அவள்.

மறுநாளும் புள்ளிகள் இருந்தன. இரண்டு விரற்கடை உயரத்தில் ஏறியிருந்தன. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே. சூப்பர்வைசரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நாலு ஆட்களை வைத்துக்கொண்டு எழுபத்திரண்டு ஜன்னலை முடிக்க வேண்டிய கவலை அவருக்கு.

"அழுக்குன்னா தொடைக்கணும். அதோட பூர்வீகத்தை விசாரிக்கிறதுக்கா நாம சம்பளம் வாங்குறோம்?" என்றார்.

"இல்ல சார், நாளுக்கு நாள் மேல ஏறுது."

"ஏறினா நீங்களும் ஏணியில ரெண்டு படி ஏறுங்க."

அவள் ஏறவில்லை; குனிந்து பார்த்தாள். சாய்ந்த வெயிலில், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வால் இருப்பது தெரிந்தது. மெல்லிய, நீண்ட வால். சில புள்ளிகளின் வால் என்ஜின் பக்கம் நீண்டிருந்தது, சிலவற்றின் வால் அதற்கு எதிர்ப்பக்கம். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாச்சு, அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"ரெண்டு பக்கமும் வால் இருக்கு. அப்படின்னா போகும்போதும் தெறிக்குது, வரும்போதும் தெறிக்குது. வண்டியில வழியிற தண்ணி இல்ல. வெளிய ஒரே இடத்துல இருந்து வருது."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்."

"வால் ஏன் அவ்வளவு நீளம்?"

சாப்பாடு முடிந்ததும் அவள் வீட்டுக்காரரின் வெட்டுமேசையை ஒழித்தாள். மீந்த வெள்ளைத் துணியில் நீளமாக ஒரு துண்டை விரித்து, அதன் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். நாத்தனாரின் கையில் முடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில். தண்ணீரில் கொஞ்சம் தேயிலைச் சாயம்.

"நீங்க மெதுவா இழுங்க. நீ தெளி."

இழுத்தார், தெளித்தாள். துளிகள் உருண்டையாக, சின்ன வாலோடு விழுந்தன.

"இப்ப வேகமா."

அவர் இழுத்த வேகத்தில் துணி மேசையைவிட்டே போய்விட்டது. நாத்தனார் தெளித்தது பாதி அவர் சட்டையில். ஆனால் துணியில் விழுந்த துளிகளுக்கு நீள நீளமான வால்கள் இருந்தன. கண்ணாடியில் அவள் பார்த்த மாதிரியே.

"வண்டி வேகமா போற இடம்" என்றாள் அவள்.

"உங்களை நம்பி ஒரு நல்ல சட்டை போச்சு" என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் அவரே அந்தத் துணியை மடித்து எடுத்து வைத்தார்.

அந்த ரயில் வேடிக்கைக்காக ஓடுவது. பெரும்பாலும் ஊர்ந்துதான் போகும். மறுநாள் மாலை டிரைவர் இறங்கி வரும்போது அவள் வழியில் நின்றாள்.

"டிரைவர் சார், மலையை ஒட்டி வண்டி வேகமா போற இடம் எது?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

"நீங்க சும்மான்னு சொன்னா அதுக்குள்ள நாலு கேள்வி இருக்கும்." அவர் டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டார். "மூணாவது குகை தாண்டினதும் ஒரு நாலு கிலோமீட்டர். ஆறு அங்க மரத்துக்குப் பின்னாடி போயிடும். பாக்குறதுக்கு ஒண்ணும் கிடையாது. அதனால அங்கதான் விட்ட நேரத்தைப் பிடிப்பேன்."

"மலைப்பக்கம் என்ன இருக்கு?"

"சுவர்தான். மண்ணு சரியாம இருக்கக் கட்டினது. கையை நீட்டினா தொட்டுடலாம், அவ்வளவு கிட்ட."

அவள் ஒருநாள் லீவு கேட்டாள். காரணம் என்ற இடத்தில் 'ரயிலில் போக' என்று எழுதினாள். சூப்பர்வைசர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "பதினொரு வருஷம் கழிச்சு ஆசை வந்திருக்கு. போய்ட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

நாத்தனாரும் கூட வந்தாள். அவள் புதுச் செருப்பு, ஒரு கூடை நிறையத் தின்பண்டம், வெயிலுக்குக் கிரீம் எல்லாவற்றோடும் வந்து ஆற்றுப்பக்க ஜன்னலில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியக்கா நடுவழியைத் தாண்டி, மலைப்பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு பென்சில், ஒரு துண்டுக் காகிதம்.

ரயில் கிளம்பியதும் ஒலிபெருக்கியில் ஒரு குரல் ஆற்றின் கதையைச் சொல்ல ஆரம்பித்தது. பெட்டியில் இருந்த எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பச்சையாகத் திரும்பியதும் "ஆ" என்றார்கள்; கேமராக்கள் சொடுக்கின. அவளுக்கு எதிரே கறுப்புப் பாறை, வேர்கள், பாறை, மறுபடி வேர்கள். குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் இதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு எழுந்து வந்தார்.

"அம்மா, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. நாங்க தள்ளி உக்காந்துக்குறோம். அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல."

"பரவாயில்லைங்க. நான் அந்த ஒண்ணுமில்லாததைப் பாக்கத்தான் வந்தேன்."

அவர் தன் இடத்துக்குப் போய் மனைவியின் காதில் ஏதோ சொன்னார்.

மூன்றாவது குகை கழிந்தது. ரயில் வேகம் பிடித்தது. சுவர் ஆரம்பித்தது, டிரைவர் சொன்னபடி, கைக்கெட்டும் தூரத்தில். அந்த வேகத்தில் சுவரைப் பார்த்துப் பயனில்லை, எல்லாம் ஒரே சாம்பல் கோடாக ஓடியது. அதனால் அவள் சுவரைப் பார்க்கவில்லை, கண்ணாடியையே பார்த்தாள். கிலோமீட்டர் கற்கள் வெள்ளையாக வந்து வந்து மறைந்தன. நாற்பது. நாற்பத்தொன்று. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். ஆறு எண்ணும்போது, ஒரு பிடி கடுகை வீசினது போலக் கண்ணாடியில் சடசடவென்று விழுந்தது. செம்மண் துளிகள், நீண்ட வால்களோடு. பெட்டியில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். யாரும் திரும்பவில்லை.

வரும்போதும் அதே இருக்கையில் உட்கார்ந்தாள். சடசடவென்று விழுந்த பிறகு ஆறு எண்ணினாள். நாற்பத்தொன்றாம் கல் வந்தது. இந்தத் தடவை கண்ணைத் தாழ்த்தி வைத்திருந்ததில், சுவரின் அடியில் ஓர் இடத்தில் மட்டும் புல் பச்சையாக அடர்ந்திருந்ததையும் பார்த்துவிட்டாள். மற்ற இடத்தில் எல்லாம் அது வைக்கோலாகக் கிடந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று இறங்கும்போது கேட்டாள் நாத்தனார்.

"நாப்பத்தொண்ணுல இருக்கு."

"நான் ஆத்தைக் கேட்டேன், அண்ணி."

தண்டவாளத்தைப் பராமரிக்கிற ஆட்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். நிலையத்தின் கடைசியில் கருவிகள் வைக்கிற அறையில்தான் இருப்பார். நேராக அவரிடம் போனாள். அவர் நடுவில் பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு, "எங்க ஆளுங்க தினமும் காலைல அந்த வழியா நடக்குறாங்கம்மா. சுவர்ல ஒண்ணு இருந்தா எங்களுக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"தெரியும் சார். ஆனா உங்களுக்குக் கண்ணு தண்டவாளத்து மேல இருக்கும். எனக்கு வேலையே கண்ணாடியைப் பாக்குறதுதானே."

மறுநாள் விடியற்காலை அவரே போய்ப் பார்த்தார். மாலையில் கொட்டகைக்கு வந்தார்.

"பாத்துட்டேன். கொஞ்சம் ஈரம் இருக்கு. மலைன்னா ஈரம் இருக்கத்தான் செய்யும். பீச்சி அடிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல."

"எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"ஆறு, ஆறேகால்."

"ரயில் அந்த இடத்தைத் தாண்டுறது பத்தே முக்காலுக்கு. திரும்பி வர்றது ரெண்டு மணிக்கு மேல."

"அதனால? மலைக்கு மணி தெரியுமா?"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன்."

அவள் மேஸ்திரியின் கையைப் பிடிக்காத குறையாக ஒரு ஜன்னலுக்கு அழைத்துப்போய், அன்றைய புள்ளிகளைக் காட்டினாள். இப்போது அவை அவள் தோள் உயரத்துக்கு வந்திருந்தன. அவர் வால்களை விரலால் தொடாமல் உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு, ரயில் தாண்டிப் போன பிறகு, அவர் தண்டவாளத் தள்ளுவண்டியில் நாற்பத்தொன்றுக்குப் போனார். கூட இரண்டு ஆட்கள். சுவரில் தண்ணீர் வடிவதற்கென்று வரிசையாக ஓட்டைகள் விட்டிருந்தார்கள். அதில் எல்லாம் வேரும் மண்ணும் அடைத்திருந்தன, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றிலிருந்து, ஊசி கோர்க்கிற நூல் கனத்தில், சிவப்பாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. எதிர்த்தண்டவாளம் வரைக்கும் போய் விழுந்தது. அவர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டு அதில் பிடித்தார். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மண் படிந்தது. சுவரின் மேல் நூல் கட்டிப் பிடித்துப் பார்த்ததில், நடுவில் ஒரு சாண் அளவுக்கு வயிறு தள்ளியிருந்தது. மேலே போய்விட்ட ரயிலை அங்கேயே நிறுத்தச் சொல்லி அவர் போன் செய்தார். பயணிகள் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

மறுநாள் இன்ஜினியர் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், சேறு படிந்த காலணியோடு வேகமாக நடக்கிறவள். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறு உத்தரவு வரும் வரை ரயில் ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். சுவரின் இரண்டு பக்கமும் தூரத்தில் ஒவ்வோர் ஆளைக் காவலுக்குப் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று நாட்களைத்தான் கண்ணாடியக்கா தன் வாழ்க்கையிலேயே நீளமான நாட்கள் என்று சொல்வாள். ரயில் இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் நிலையத்தில் வந்து சத்தம் போட்டார்கள். வாசலில் தொப்பியும் குளிர்பானமும் விற்கிறவர்கள் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடந்து போகும்போது பேச்சு நின்றது. சுவர் அப்படியேதான் நின்றது.

"நிக்குதாமே?" என்றார் சூப்பர்வைசர் இரண்டாம் நாள். "வயிறு தள்ளினாப்ல இருக்குறவங்க எல்லாம் விழுந்துடுறாங்களா?" தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார். வேடிக்கையாகத்தான் சொன்னார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை.

அன்று வீட்டில் அவள் சமைக்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாத்தனார் வந்து அடுப்பை அணைத்தாள்.

"என்ன அண்ணி?"

"அந்தச் சுவர் விழுந்துடணும்னு நெனைக்கிறேன். விழுந்தா நான் சொன்னது சரின்னு ஆகும்ல. அங்க காவலுக்கு ரெண்டு பேர் நிக்குறாங்க. அதை மறந்துட்டு விழணும்னு நெனைக்கிறேன். என்ன மனுஷி நான்?"

நாத்தனார் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். அரிசியை எடுத்துக் களைந்தாள். களைந்துகொண்டே, "நீங்க நெனைச்சு ஒரு சுவர் விழும்னா, எதிர்வீட்டுக்காரன் நம்ம வெளிச்சத்தை மறைச்சுக் கட்டியிருக்கானே, அதை முதல்ல நெனைங்க" என்றாள்.

நாலாம் நாள் காலை பதினொன்றேகாலுக்குச் சுவர் விழுந்தது. தூரத்தில் நின்ற காவல்காரருக்கு, லாரியிலிருந்து மூட்டைகளை இறக்குகிற மாதிரி சத்தம் கேட்டதாம். முப்பது மீட்டர் நீளத்துக்குச் சுவரும், அதன் பின்னாலிருந்த மண்ணும், இரண்டு மரங்களும் தண்டவாளத்தை மூடிக்கொண்டு ஆற்றோர மரங்கள் வரைக்கும் போய் நின்றன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

செய்தி வந்தபோது அவள் கொட்டகையில், துடைக்க எதுவும் இல்லாமல் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். சந்தோஷம் வரவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"பதினொண்ணேகால்னா, வழக்கமா ரயில் தாண்டி அரை மணி ஆகியிருக்குமே" என்றார் ஒருவர்.

"ரயில் குலுக்குற குலுக்குல சுவர் அரை மணி முன்னாடியே விழுந்திருக்கும்" என்றார் மேஸ்திரி. சூப்பர்வைசர் ஒரு தம்ளரில் தேநீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பாதையைச் சரிசெய்ய நாலு மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் அவளை நிலைய அலுவலகத்து ஜன்னல்களைத் துடைக்கப் போட்டார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "தினமும் ஒரே ஆள், ஒரே தூசி" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அந்த மாதங்களில் ஒருநாள் இன்ஜினியர் அவளைத் தேடி வந்தாள். அறிக்கை எழுத வேண்டும். முதலில் எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அவள் வால் கதையைச் சொன்னாள். தேயிலைச் சாயம் தெளித்த துணியையும் வீட்டிலிருந்து வரவழைத்துக் காட்டினாள். இன்ஜினியர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"தண்ணி தெளிவா வந்தா பயம் இல்ல. மண்ணோட வந்தா, உள்ள இருக்குறதைக் கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்துட்டு இருக்குன்னு அர்த்தம். உங்க கண்ணாடியில இருந்தது சுவரோட முதுகு" என்றாள்.

"தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சீங்களா, மேடம்?"

"கண்டுபிடிச்சாச்சு."

"நான் பாக்கலாமா?"

மலைக்கு மேலே ஜீப்பில் போய், பிறகு அரை மணி நடந்தார்கள். ஆற்றை உயரத்திலிருந்து பார்ப்பதற்கென்று அங்கே புதிதாக ஒரு மேடை கட்டியிருந்தார்கள். வருகிறவர்களுக்குக் குடிதண்ணீர், கழிப்பறை. அதற்காகக் கீழேயிருந்து ஒரு குழாய். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரைக்கும்தான் மோட்டார் ஓடும். மலைக்கு மணி எப்படித் தெரிந்தது என்பது அங்கே விளங்கியது. தோண்டி வைத்திருந்த குழியில் குழாயின் இணைப்பு தெரிந்தது. இப்போது மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள்.

"ஒரே ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்றீங்களா?" என்றாள் அவள்.

இன்ஜினியர் போனில் சொன்னாள். குழாய் லேசாக உறுமியது. இணைப்பின் அடியில் ஒரு கசிவு. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு குழந்தை எச்சில் வடிக்கிற அளவு. கீழே தேங்கக்கூட இல்லை. விழுந்த தண்ணீரை அப்போதைக்கப்போது மண் குடித்துக்கொண்டிருந்தது. அவள் குழிக்குள் குத்துக்காலிட்டு, அந்த ஒரு நிமிடம் முடிகிற வரைக்கும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா" என்றாள்.

"எட்டு மாசமா இவ்வளவு" என்றாள் இன்ஜினியர்.

இறங்கி வரும்போது இன்ஜினியர் ஒரு விஷயம் சொன்னாள். ரயில் மறுபடி ஓட ஆரம்பித்ததும், தினமும் துடைப்பதற்கு முன்னால் மலைப்பக்கக் கண்ணாடிகளை அவள் ஒரு பார்வை பார்த்து மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும். அதை வேலையாகவே எழுதிக் கொடுக்கப்போகிறார்கள். மேலிடத்தில் அவளுக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் நினைக்கிறார்கள்.

"என்ன வேணும்னு கேக்கச் சொன்னாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்தச் சுவரைக் கட்டும்போது ஒரு படம் போட்டிருப்பாங்கல்ல, பின்னாடி என்ன வெச்சுக் கட்டினாங்கன்னு? அதைக் காட்ட முடியுமா?"

இன்ஜினியர் நடப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "அது போதுமா?"

"புதுச் சுவரோட படமும் இருந்தா நல்லது. ரெண்டையும் வெச்சுப் பாக்கலாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் இரண்டு பெரிய சுருள்களோடு வீட்டுக்கு வந்தாள். வெட்டுமேசையின் மேல் அவற்றை விரித்து, மூலைக்கு ஒன்றாகத் தையற்கத்தரியும் நூல் உருண்டைகளும் வைத்தார்கள். முன் அறையில் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார், வாடிக்கையாளரைத் துண்டு போர்த்திய கோலத்திலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். இன்ஜினியர் பழைய சுவரின் குறுக்குவெட்டைக் காட்டி, இது கல், இது மண், இங்கே ஜல்லி போட்டிருக்க வேண்டும், போடவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்காரர் மேசைப்பக்கம் வந்து நின்றார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கையில் சுருட்டிக்கொண்டு, இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது உள் துணி வைக்காமத் தெச்ச கோட்டு" என்றார் பழைய படத்தின் மேல் விரலை வைத்து. "ஈரம் நேரா மேல் துணிக்கு வந்துடும். புதுசுல உள் துணி குடுத்திருக்காங்க. இந்த ஜல்லிதானே உள் துணி?"

"அதேதான்" என்றாள் இன்ஜினியர்.

"சரி. அப்ப இந்தக் கீழ ஓரத்துல புள்ளி புள்ளியா ஒரு கோடு போகுதே, அது என்ன? மடிப்பா, தையலா?"

கண்ணாடியக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நூல் உருண்டையைத் தள்ளி வைத்துவிட்டு, அவளும் அந்தக் கோட்டின் மேல் குனிந்தாள்.